தொழிற்கல்வியின் தரம்: கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன்

ஆண்டுதோறும் மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளியானவுடன் வங்கிக் கிளைகளின் கடன் பிரிவில் ஒரே விதமான காட்சியைக் காணலாம். தந்தையோ தாயோ கையில் ஒரு கோப்புடன் வந்து அமர்வார்கள். அருகில் மகனோ மகளோ இருப்பார். கோப்பில் மதிப்பெண் பட்டியல், கல்லூரியின் சேர்க்கைக் கடிதம், ஆண்டுவாரியான கட்டண விவரம், வருமானச் சான்றிதழ், ஆதார், பான் அட்டைகளின் நகல்கள் என எல்லாம் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். அலுவலர் ஒவ்வொன்றையும் சரிபார்ப்பார். குறை இருந்தால் சொல்வார். குறை இல்லையெனில் சில நாட்களில் கடன் அனுமதிக்கப்படும்.

அந்தக் கோப்பில் இல்லாத தாள் ஒன்று உண்டு. சேரவிருக்கும் கல்லூரி, தான் கற்பிப்பதாகச் சொல்லும் தொழிலை உண்மையில் கற்பிக்கிறதா என்பதற்கான சான்றே அது. கடன் திரும்பச் செலுத்தப்படுமா என்பதும், அந்தக் குடும்பத்தின் அடுத்த பத்தாண்டுகள் எப்படி அமையும் என்பதும் பெரும்பாலும் இந்த ஒன்றையே சார்ந்திருக்கின்றன. பொறியியல் கல்லூரிகள், பல்தொழில்நுட்பக் கல்லூரிகள், தொழிற்பயிற்சி நிலையங்கள் ஆகியவற்றின் தரம் நம் நாட்டில் எவ்வாறு உறுதிசெய்யப்படுகிறது, எங்கே அது தடுமாறுகிறது, கடன் பெறும் குடும்பம் என்ன செய்யலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

விரைந்து பெருகிய நிறுவனங்கள்

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் 1945ஆம் ஆண்டு ஓர் ஆலோசனை அமைப்பாகத் தொடங்கப்பட்டது. கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950இல் ஏறத்தாழ ஐம்பது தொழிற்பயிற்சி நிலையங்களுடன் தொடங்கியது. தொடக்கத்தில் இவை பெரும்பாலும் அரசு நிறுவனங்களாகவே இருந்தன. ஆலைகள் பெருகிய காலத்தில் அவற்றுக்கு வேண்டிய பிட்டர், டர்னர், எலெக்ட்ரீஷியன், வெல்டர் ஆகியோரை இந்நிலையங்கள் உருவாக்கி அனுப்பின. மேற்பார்வையாளர்களைப் பல்தொழில்நுட்பக் கல்லூரிகளும், பொறியாளர்களைப் பொறியியல் கல்லூரிகளும் தந்தன.

1980களுக்குப் பிறகு நிலைமை மாறியது. சுயநிதிக் கல்லூரிகள் பெருகத் தொடங்கின. கட்டுப்பாடு தேவை என்பதை உணர்ந்த அரசு 1987இல் சட்டம் இயற்றி, ஆலோசனை அமைப்பாக இருந்த குழுமத்துக்குச் சட்ட அதிகாரம் வழங்கியது. ஆயினும் எண்ணிக்கையின் வேகத்துக்குக் கண்காணிப்பின் வேகம் ஈடுகொடுக்கவில்லை. 2014-15ஆம் கல்வியாண்டில் பட்டயம், இளநிலை, முதுநிலை ஆகிய எல்லா நிலைகளையும் சேர்த்து நாட்டின் பொறியியல் இடங்கள் முப்பது லட்சத்தைத் தாண்டியிருந்தன. மாணவர்கள் வராமல் இடங்கள் காலியாகி, கல்லூரிகள் மூடப்பட்டு, 2021-22இல் அந்த எண்ணிக்கை சுமார் 23 லட்சமாகக் குறைந்தது. இடையில் 2020 முதல் சில ஆண்டுகளுக்குப் புதிய பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி வழங்குவதே நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர் அந்தத் தடை நீக்கப்பட்டது. இப்போது கணினி அறிவியல் சார்ந்த பிரிவுகளில் இடங்கள் மீண்டும் பெருகிவருகின்றன.

தொழிற்பயிற்சி நிலையங்களின் கதையும் இதைப் போன்றதே. அன்று ஐம்பதாக இருந்தவை இன்று பதினான்காயிரத்துக்கும் மேல். அவற்றில் நான்கில் மூன்று பங்குக்கும் கூடுதலானவை தனியார் நிலையங்கள். இவற்றில் பெரும்பகுதி மிகக் குறுகிய காலத்தில் இணைப்புப் பெற்றவை. தனியார் நிலையங்களுக்கு இணைப்பு வழங்கப்பட்ட முறையில் விதிகள் தளர்த்தப்பட்டதையும், தர அளவைகளை நிறைவுசெய்யாத நிலையங்கள் உள்ளே வந்ததையும் தொழிலாளர் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவே 2017-18இல் கடுமையாகச் சுட்டிக்காட்டியது.

மூன்று சொற்கள், மூன்று பொருள்கள்

கல்லூரிகளின் விளம்பரங்களில் ‘அரசு அங்கீகாரம் பெற்றது’ என்னும் தொடர் தவறாமல் இடம்பெறும். இது எந்த அங்கீகாரம் என்று பெற்றோர் கேட்பதில்லை. உண்மையில் இங்கே ஒன்றுக்கொன்று வேறுபட்ட மூன்று நிலைகள் உள்ளன.

முதலாவது அனுமதி. குறிப்பிட்ட பாடப்பிரிவை இத்தனை இடங்களுடன் நடத்தலாம் என்று தொழில்நுட்பக் கல்விக் குழுமம் அளிக்கும் இசைவு இது. நிலம், கட்டடம், ஆய்வகம், நூலகம், ஆசிரியர் எண்ணிக்கை போன்றவை இருக்கின்றனவா என்பதே இங்குப் பார்க்கப்படும். கடை திறப்பதற்கான உரிமத்துடன் இதை ஒப்பிடலாம். கடையில் விற்கும் பொருளின் தரத்துக்கு அந்த உரிமம் பொறுப்பேற்பதில்லை.

இரண்டாவது இணைப்பு. பாடத்திட்டத்தையும் தேர்வையும் பட்டத்தையும் வழங்கும் பல்கலைக்கழகத்துடனோ மாநிலத் தொழில்நுட்பக் கல்வி வாரியத்துடனோ கல்லூரிக்கு இருக்கும் உறவு இது. தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு இந்த இணைப்பை மத்திய அரசின் பயிற்சித் தலைமை இயக்ககம் வழங்குகிறது.

மூன்றாவதே தரச்சான்று. பொறியியல், பல்தொழில்நுட்பப் பாடப்பிரிவுகளுக்கு இதை வழங்குவது தேசியத் தரச்சான்று வாரியம். நாம் சுருக்கமாக என்.பி.ஏ. என்று அழைப்பது இதைத்தான். 1994இல் தொடங்கப்பட்ட இவ்வாரியம் 2010 முதல் தன்னாட்சி அமைப்பாக இயங்குகிறது. இது கல்லூரிக்கு மொத்தமாகச் சான்று தருவதில்லை. ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாகவே தருகிறது. அதே 1994இல் பல்கலைக்கழக மானியக் குழுவால் தொடங்கப்பட்டு, பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட ‘நாக்’ அமைப்பு கல்லூரியை முழுமையாக மதிப்பிடுகிறது. ஒரு கல்லூரியின் இயந்திரவியல் பிரிவு சான்று பெற்றிருக்க, அங்கு நேற்றுத் தொடங்கிய வேறொரு பிரிவு சான்று பெறாமல் இருக்கலாம். மாணவர் குழுக்கள் படித்து வெளியேறிய பிறகே ஒரு பிரிவு சான்றுக்கு விண்ணப்பிக்க முடியும் என்பதால், புதிய பெயர்களுடன் வரும் பிரிவுகள் இயல்பாகவே சான்று இல்லாதவை. ஆனால் கல்லூரி வாயிலில் தொங்கும் பதாகை இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

மேலும், தரச்சான்று குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். காலாவதியான சான்றின் படம் பல ஆண்டுகள் விளம்பரத் தாளில் நீடிப்பதும் உண்டு.

சான்றிதழின் பண மதிப்பு

தரச்சான்று என்பது கல்வியாளர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் செய்தி என்று எண்ணிவிட வேண்டாம். கடன் வாங்கும் குடும்பத்துக்கு அது நேரடியான பண மதிப்பு உடையது.

ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்கு மிகாத குடும்பங்களின் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் தொழில்நுட்ப, தொழிற்படிப்புகளுக்காகப் பெறும் கல்விக் கடனுக்கு, படிப்புக் காலத்துக்கும் அதன் பின் ஓராண்டுக்குமான வட்டியை மத்திய அரசே ஏற்கும் மானியத் திட்டம் 2009 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2018 ஏப்ரல் முதல் அத்திட்டத்தில் ஒரு நிபந்தனை சேர்க்கப்பட்டது. நாக் சான்று பெற்ற நிறுவனத்திலோ, என்.பி.ஏ. சான்று பெற்ற பாடப்பிரிவிலோ, தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனங்களிலோ, மத்திய அரசின் நிதியுதவி பெறும் தொழில்நுட்ப நிறுவனங்களிலோ படிப்பவர்களுக்கே மானியம் உண்டு.

இதன் விளைவை ஒரு கணக்கால் பார்க்கலாம். நான்காண்டுப் படிப்புக்கு ஆண்டுதோறும் ஒரு லட்சம் ரூபாய் கடன் பெறப்படுகிறது என்றும், வட்டி 10 விழுக்காடு தனிவட்டி என்றும் கொள்வோம். முதலாண்டில் பெற்ற லட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி 50,000 ரூபாய். இரண்டாம் ஆண்டுத் தொகைக்கு 40,000. மூன்றாம் ஆண்டுத் தொகைக்கு 30,000. நான்காம் ஆண்டுத் தொகைக்கு 20,000. ஆகத் தவணை தொடங்கும் நாளில் வட்டி மட்டும் 1,40,000 ரூபாயாகச் சேர்ந்திருக்கும். கடன் 5,40,000 ஆகிவிடும். அதைப் பத்தாண்டுகளில் அடைக்க மாதம் ஏறத்தாழ 7,140 ரூபாய் தேவை. மானியம் கிடைத்த குடும்பமோ நான்கு லட்சத்துக்கு மட்டும் மாதம் சுமார் 5,290 ரூபாய் செலுத்தினால் போதும். இரு குடும்பங்களுக்கும் வருமானம் ஒன்றே, மதிப்பெண்ணும் ஒன்றே. தேர்ந்தெடுத்த பாடப்பிரிவின் தரச்சான்று மட்டுமே வேறு.

2024 நவம்பரில் அறிவிக்கப்பட்ட பிரதமரின் வித்யாலட்சுமி திட்டமும் இதே திசையில்தான் செல்கிறது. தேசியத் தரவரிசைப் பட்டியலின் அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்பட்ட 860 உயர்கல்வி நிறுவனங்களில் சேர்வோருக்குப் பிணையோ பிணையாளரோ இல்லாமல் கடன் வழங்க அது வகைசெய்கிறது. ஆண்டு வருமானம் எட்டு லட்சம் வரை உள்ள குடும்பங்களில் தகுதியுடையோருக்குப் பத்து லட்சம் வரையிலான கடனுக்கு 3 விழுக்காடு வட்டித் தள்ளுபடியும் உண்டு. கல்லூரியின் தரம் கடனின் விலையையே தீர்மானிக்கும் காலம் வந்துவிட்டது.

ஆய்வு நாளும் மற்ற நாட்களும்

இனி, தரத்தை உறுதிசெய்யும் முறை எங்கே தடுமாறுகிறது என்று பார்ப்போம்.

முதல் இடர்ப்பாடு ஆசிரியர். பொறியியல் பட்டப்படிப்புக்கு 15 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்றிருந்த விதி 2018இல் 20 மாணவர்களுக்கு ஒருவர் எனத் தளர்த்தப்பட்டது. தளர்த்திய விதியையும் நிறைவேற்ற முடியாத கல்லூரிகள் பல. ஊதியமே ஒரு கல்லூரியின் மிகப் பெரிய செலவு என்பதால், சிக்கனம் தொடங்கும் இடமும் அதுவே. விளைவாக, ஏட்டில் மட்டும் இருக்கும் ஆசிரியர்கள் உருவானார்கள். 2024ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளில் முழுநேரப் பணியாற்றுவதாகக் காட்டப்பட்டிருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. ஆய்வுக் குழுக்கள் ஆண்டுதோறும் சென்று வந்த கல்லூரிகளிலேயே இது நடந்தது. ஒவ்வொரு கல்லூரியையும் தனியாகப் பார்த்தால் கணக்கு சரியாக இருந்தது. பட்டியல்களை ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவது தெரிந்தது.

அரசு நிறுவனங்களின் சிக்கல் வேறு. அங்கே பணியிடங்கள் இருக்கும், நிரப்பப்படாமல் இருக்கும். உலக வங்கி உதவியுடன் 2021 வரை மூன்று கட்டங்களாக நடந்த தொழில்நுட்பக் கல்வி மேம்பாட்டுத் திட்டத்தின் இறுதிக் கட்டத்தில், பின்தங்கிய மாநிலங்களின் பொறியியல் கல்லூரிகளுக்கு உயர் நிறுவனங்களில் படித்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளம் ஆசிரியர்கள் ஒப்பந்த முறையில் அனுப்பப்பட்டனர். வகுப்பறைகள் உயிர்பெற்றன. திட்டம் முடிந்தபோது ஒப்பந்தமும் முடிந்தது. திட்டத்தின் கால எல்லைக்குள் வாங்கிய தரம், அந்த எல்லையோடு நின்றுபோகும் என்பதற்கு இதுவே பாடம்.

இரண்டாவது இடர்ப்பாடு ஆய்வகமும் பட்டறையும். எந்திரம் இருக்கிறதா என்பதை ஆய்வுக் குழு எண்ணிவிடலாம். அது ஓடுகிறதா, மாணவர் அதைத் தொட்டாரா என்பதை எண்ணுவது கடினம். வெல்டர் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். பற்றவைப்பு மின்வாய்க் குச்சிகளையும் இரும்புத் தகடுகளையும் எரித்துத் தீர்க்காமல் யாரும் வெல்டர் ஆக முடியாது. ஆனால் அந்தச் செலவு நாள்தோறும் கரையும் செலவு. பணம் இறுகும்போது முதலில் வெட்டப்படுவதும் அதுவே. எந்திரம் பட்டியலில் இருக்கும். எரிக்கக் குச்சி இருக்காது. பிட்டர் பயிற்சியில் இரும்புத் துண்டை அரத்தால் ராவி, வெர்னியர் அளவியால் 0.02 மில்லிமீட்டர் நுட்பத்தில் அளந்து பார்க்கக் கை பழக வேண்டும். அந்தப் பழக்கத்துக்குக் குறுக்குவழி கிடையாது. பத்துப் பேர் ஒரு எந்திரத்தைச் சூழ்ந்து நின்று வேடிக்கை பார்த்த பயிற்சியைத் தொழிற்சாலை முதல் நாளிலேயே கண்டுகொள்ளும்.

மூன்றாவது தேர்வு. எழுத்துத் தேர்வு நினைவாற்றலை அளக்கும். செய்முறைத் தேர்வே திறனை அளக்க வேண்டியது. ஆனால் செய்முறை மதிப்பெண் பெரும்பாலும் உள்ளிருந்தே வருவதால், எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே உயர் மதிப்பெண் கிடைக்கிறது. நன்றாகச் செய்தவரையும் கருவியைத் தொடாதவரையும் பிரித்துக் காட்டாத மதிப்பெண்ணை எந்த முதலாளியும் நம்புவதில்லை. இழப்பு யாருக்கு என்றால், உண்மையிலேயே கற்றுக்கொண்ட மாணவருக்குத்தான்.

நான்காவது, தாளில் வாழும் தரம். இன்றைய தரச்சான்று முறை ‘விளைவு சார்ந்த கல்வி’ என்னும் கோட்பாட்டை அடிப்படையாகக் கொண்டது. என்ன கற்பித்தோம் என்பதை விட, படித்து முடித்த மாணவரால் என்ன செய்ய முடிகிறது என்பதை அளக்க வேண்டும் என்பது அதன் சாரம். மிக நல்ல கோட்பாடு. 2014 ஜூன் மாதம் இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பினரானது இதன் பயனாகவே. தன்னாட்சி நிலையில் உள்ள கல்லூரிகளின் சான்று பெற்ற பொறியியல் பட்டங்கள் பிற உறுப்பு நாடுகளிலும் இணையானவையாகக் கருதப்பட அது வழிசெய்தது. ஆனால் நடைமுறையில், ஒவ்வொரு பாடத்தின் நோக்கத்தையும் ஒவ்வொரு விளைவுடன் பொருத்தி, விழுக்காட்டில் கணக்கிட்டு, கோப்பு கோப்பாக அடுக்குவதே ஆசிரியரின் முதன்மைப் பணியாகிவிட்டது. வருகைக்கு மூன்று மாதம் முன்பிருந்து வகுப்புகள் தளர்கின்றன, கோப்புகள் தடிக்கின்றன. சுவருக்கு வண்ணம் பூசப்படுகிறது. குழு மூன்று நாள் தங்கிச் செல்கிறது. நான்காம் நாள் கல்லூரி பழைய நிலைக்குத் திரும்புகிறது. தரத்தை வளர்க்க வந்த முறை, தரத்தைப் பற்றி எழுதும் திறனை மட்டும் வளர்த்துவிட்ட இடங்கள் உண்டு.

ஐந்தாவது, மதிப்பிடுவோரின் நேர்மை. 2025 பிப்ரவரியில், சாதகமான தரமதிப்பு அளிப்பதற்காகக் கையூட்டுப் பெற்றதாகக் கூறி மதிப்பீட்டுக் குழுவினர் சிலரை மத்தியப் புலனாய்வுத் துறை கைது செய்தது. மதிப்பெண் ஒரு படி உயர்ந்தால் கட்டணமும் சேர்க்கையும் உயரும் என்னும்போது, அந்த ஒரு படிக்கு விலை பேசப்படும் ஆபத்து எப்போதும் இருக்கும். நேர்மையாக உழைத்து நடுத்தர மதிப்புப் பெற்ற கல்லூரியை இத்தகைய நிகழ்ச்சிகள் முட்டாளாக்கிவிடுகின்றன.

ஆறாவது, வேலைவாய்ப்புப் புள்ளிவிவரம். ‘நூறு விழுக்காடு வேலைவாய்ப்பு’ என்னும் விளம்பரத்தில் நூறு என்பது எதன் நூறு? சேர்ந்தவர்களிலா, தேர்ச்சி பெற்றவர்களிலா, நேர்காணலுக்குத் தகுதி பெற்றதாகக் கல்லூரியே தேர்ந்தெடுத்தவர்களிலா? கொடுக்கப்பட்ட ஆணைகளையா எண்ணினார்கள், பணியில் சேர்ந்தவர்களையா? ஒருவருக்கே மூன்று ஆணைகள் கிடைத்தால் அது மூன்றாக எண்ணப்படுகிறதா? மிக உயர்ந்த சம்பளம் பெரிய எழுத்தில் அச்சிடப்படும். நடுவில் நிற்கும் மாணவர் பெற்ற சம்பளமே கடன் தவணையைத் தீர்மானிக்கும்; அது அச்சில் வருவதில்லை.

கல்லூரிகளின் பக்கமும் ஒரு நியாயம்

எல்லாப் பழியையும் கல்லூரிகள் மீது சுமத்துவது முறையாகாது. தொழிற்கல்வி, செலவு மிகுந்த கல்வி. ஓர் எந்திரத்தின் விலை ஆண்டுதோறும் ஏறுகிறது. கட்டணத்தையோ மாநிலக் குழுக்கள் நிர்ணயிக்கின்றன. உதவித்தொகை வழியே வர வேண்டிய கட்டணம் தாமதமாக வரும்போது, அதை நம்பியிருக்கும் சிறு கல்லூரி ஊதியத்தைத் தள்ளிப்போடுகிறது. இடங்கள் பாதி காலியாக இருந்தாலும் பட்டறையை முழுமையாக இயக்கியே ஆக வேண்டும். தொழில்நுட்பம் மாறும் வேகத்தில் பாடத்திட்டம் மாறுவதில்லை. அதை மாற்றும் உரிமை இணைப்புக் கல்லூரியிடம் இல்லை. இத்தனைக்கும் நடுவில், மாலை ஆறு மணிக்குப் பிறகும் பட்டறையைத் திறந்து வைத்திருக்கும் ஆசிரியர்களும், பழுதான எந்திரத்தைப் பழைய மாணவர்களின் உதவியால் சரிசெய்து ஓட்டும் முதல்வர்களும் நாடெங்கும் இருக்கிறார்கள். இவர்களின் உழைப்பை அடையாளம் காணாத மதிப்பீட்டு முறை தன் பணியைப் பாதியே செய்கிறது.

சமூகத்தின் பார்வைக்கும் இதில் பங்கு உண்டு. மதிப்பெண் குறைந்தவர் போகும் இடம் என்று தொழிற்பயிற்சி நிலையங்களை நாம் ஒதுக்கி வைத்தோம். வசதியும் குரலும் உள்ள பெற்றோர் தம் பிள்ளைகளை அங்கு அனுப்பாததால், அங்குள்ள குறைகளைக் கேட்க ஆளில்லாமல் போயிற்று.

திருத்தும் முயற்சிகள்

நிலைமையை மாற்றும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1956 முதல் தொழிற்பயிற்சிச் சான்றுகளுக்குப் பொறுப்பாக இருந்த தேசியத் தொழிற்பயிற்சிக் குழுமத்தின் இடத்தில், ஒழுங்குமுறை அதிகாரத்துடன் கூடிய புதிய தேசியத் தொழிற்கல்வி, பயிற்சிக் குழுமம் 2018 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 2020இல் செயல்படத் தொடங்கியது. பயிற்சி அளிப்பவரும் தேர்வு நடத்துபவரும் சான்று வழங்குபவரும் ஒருவராகவே இருக்கக் கூடாது என்பது அதன் அடிப்படைகளுள் ஒன்று.

உயர்கல்வியில், இஸ்ரோவின் முன்னாள் தலைவர் கே. ராதாகிருஷ்ணன் தலைமையிலான குழு, எழுத்துத் தரங்களை விடுத்து ‘சான்று உண்டு’ அல்லது ‘சான்று இல்லை’ என்னும் எளிய முறையை முதற்படியாகவும், அதற்கு மேல் ஐந்து முதிர்ச்சி நிலைகளையும் பரிந்துரைத்தது. நேரில் சென்று பார்ப்பதை விட, பல மூலங்களிலிருந்து வரும் தரவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு உண்மை காண்பதற்கு இம்முறை கூடுதல் இடம் தருகிறது. ஒரே ஆசிரியர் பல கல்லூரிகளில் தோன்றுவதைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

தொழிற்பயிற்சி நிலையங்களுக்காக 2025 மே மாதம் மத்திய அமைச்சரவை 60,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஆயிரம் அரசு நிலையங்களைத் தொழில் நிறுவனங்களின் பங்களிப்புடன் மேம்படுத்துவதும், சென்னை, ஐதராபாத், கான்பூர், லூதியானா, புவனேசுவரம் ஆகிய ஐந்து நகரங்களில் உள்ள தேசியப் பயிற்சி நிறுவனங்களை வலுப்படுத்திப் பயிற்றுநர்களுக்குப் பயிற்சி தருவதும் இதன் நோக்கம். எந்திரத்துக்கு முன் பயிற்றுநரைக் கவனிப்பது நல்ல அறிகுறி. நிர்வாகத்தில் தொழில் நிறுவனங்களுக்கு இடம் தருவதும் அவ்வாறே. தன் ஆலைக்கு ஆள் எடுக்கப்போகிறவர் பட்டறையை ஒரு கோப்பாகப் பார்க்க மாட்டார்.

கையெழுத்துக்கு முன் ஏழு கேள்விகள்

மேற்கண்ட சீர்திருத்தங்கள் பலன் தரக் காலம் ஆகும். இந்த ஆண்டு பிள்ளையைச் சேர்க்கவிருக்கும் பெற்றோர் அதுவரை காத்திருக்க இயலாது. அவர்கள் தாமே செய்யக்கூடிய சில சரிபார்ப்புகள் உண்டு.

1. சேரவிருக்கும் அதே பாடப்பிரிவுக்கு, இந்தக் கல்வியாண்டில் செல்லத்தக்க தரச்சான்று உள்ளதா? கல்லூரி தரும் நகலோடு நின்றுவிடாமல், சான்று வழங்கிய அமைப்பின் இணையதளத்தில் பாருங்கள்.

2. தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் அனுமதி நடப்பாண்டுக்கு உள்ளதா? அனுமதிக்கப்பட்ட இடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை? பல ஆண்டுகளாகக் காலியாகவே கிடக்கும் பிரிவு ஓர் எச்சரிக்கை.

3. ஒவ்வொரு கல்லூரியும் தன் ஆசிரியர், கட்டணம், வசதிகள் பற்றிய கட்டாய வெளிப்படுத்தல் அறிக்கையை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது விதி. அதைப் படித்து, அதிலுள்ள ஆசிரியர்களில் சிலரையேனும் நேரில் சந்திக்க முடிகிறதா என்று பாருங்கள்.

4. முன்னறிவிப்பின்றி ஒரு வேலை நாளில் பட்டறைக்குச் செல்லுங்கள். எந்திரங்களின் அடியில் புதிய உலோகச் சீவல்கள் கிடக்கின்றனவா, தூசி படிந்திருக்கிறதா? மாணவர்களின் செய்முறைப் பதிவேட்டில் அண்மைத் தேதிகள் உள்ளனவா?

5. இறுதியாண்டு மாணவர் இருவரிடமும், இரண்டாண்டுக்கு முன் படித்து முடித்தவர் இருவரிடமும் பேசுங்கள். முன்னவர் கற்பித்தலைச் சொல்வார். பின்னவர் அதன் பயனைச் சொல்வார்.

6. வேலைவாய்ப்பு விவரத்தில், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பணியில் அமர்ந்தனர், நடுநிலையில் உள்ளவரின் சம்பளம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி எந்த ஆலைகள் இங்கிருந்து பழகுநர்களை எடுக்கின்றன என்றும் கேளுங்கள். ஆண்டு தவறாமல் திரும்பி வரும் ஆலை, சிறந்த தரச்சான்றுகளுள் ஒன்று.

7. எதிர்பார்க்கும் தொடக்கச் சம்பளத்தையும் வரப்போகும் மாதத் தவணையையும் ஒரே தாளில் எழுதுங்கள். தவணை சம்பளத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போகுமானால், கல்லூரியையோ கடன் தொகையையோ மறுபடி எண்ணிப்பாருங்கள்.

தொழிற்பயிற்சியைத் தேர்ந்தெடுப்போர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். 2015இல் ஒன்றரை லட்சம் ரூபாய் வரம்புடன் தொடங்கிய திறன் கடன் திட்டம் 2024இல் திருத்தப்பட்டு, 7.5 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு அரசின் உத்தரவாதம் விரிவுபடுத்தப்பட்டது. பட்டப்படிப்பு ஒன்றே வழி என்று எண்ண வேண்டியதில்லை. மேலும், பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்கள் கல்விக் கடனுக்குச் செலுத்தும் வட்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை கழிவு பெறலாம். திட்ட விதிகள் அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பிக்கும் முன் உங்கள் கிளையில் நடப்பு நிலையை உறுதிசெய்துகொள்வது நல்லது.

முதற்காவலர் பெற்றோரே

கல்விக் கடனில் மாணவருடன் பெற்றோரும் இணைக் கடனாளியாகக் கையெழுத்திடுகிறார்கள். தவணை தவறினால் இருவரின் கடன் வரலாறும் பாதிக்கப்படும். நாளை வீட்டுக் கடனுக்கோ தங்கையின் படிப்புக்கோ அதே குடும்பம் மீண்டும் வங்கிக்கு வர வேண்டியிருக்கும். ஒரு கல்லூரி மூன்று நாள் ஆய்வுக் குழுவை ஏமாற்றிவிடக்கூடும். மூன்றாண்டுகளும் நான்காண்டுகளும் அங்கேயே கழிக்கும் மாணவரை ஏமாற்ற முடியாது. ஆனால் அவருக்கு உண்மை தெரியும்போது பாதிக் கடன் வாங்கியாயிற்று.

ஆகவே கேள்விகள் முன்கூட்டியே கேட்கப்பட வேண்டும். நகை வாங்கும்போது முத்திரையைத் தேடுகிறோம். நிலம் வாங்கும்போது வில்லங்கச் சான்று பார்க்கிறோம். அவற்றுக்கு இணையான, பல வேளைகளில் அவற்றை அடகு வைத்தே செலவிடும் படிப்புக்கும் அதே கவனத்தைச் செலுத்துவது நம் கடமை. பெற்றோர் பட்டறைக் கதவைத் தட்டிப் பார்க்கத் தொடங்கினால், அந்தக் கதவைத் திறந்து வைக்கும் கல்லூரிகள் தாமாகவே பெருகும்.